கிள்ளான் ஆறும் நம் முன்னோரும்: ஒரு டிசம்பர் நடைப்பயணம்



"ஐயா, நம் நாட்டில் குளிர்காலம் உண்டா?" என்று ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு மாணவர் வகுப்பில் கேட்டுவிடுவார். பாடநூல் தரும் விடை எளிது. நம் நாடு நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கிறது, ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் நிறைந்தது, குளிர்காலம் இல்லை. தேர்வுக்கு இவ்விடை போதும். ஆனால் வரலாற்றுக்குப் போதாது.

நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் உறைந்து கனத்த காற்று, சீனப் பெருநிலத்தைக் கடந்து தென்சீனக் கடலில் இறங்கி, வழியெல்லாம் ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் தீபகற்பத்தை வந்தடைகிறது. அது நமக்குப் பனியைக் கொண்டுவருவதில்லை, மழையைக் கொண்டுவருகிறது. எங்கோ நிகழும் கடுங்குளிர் இங்கே வெள்ளமாக உருமாறுகிறது என்று சொன்னால் மாணவர்கள் வியப்படைவார்கள். ஆயினும் அதுவே உண்மை.

கோலாலம்பூரைப் பொறுத்தவரை ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை நேர இடிமழையால் திடீர் வெள்ளம் வரும். சில மணி நேரத்தில் வடிந்தும் விடும். ஆனால் இந்நகரின் உருவத்தையே மாற்றிய பெருவெள்ளங்களின் காலத்தைப் பாருங்கள். 1926 டிசம்பர். 1971 ஜனவரி. அண்மையில் 2021 டிசம்பர். மூன்றும் மார்கழியை ஒட்டிய நாட்கள். கிள்ளான் ஆற்றின் வரலாற்றை அறிய விரும்புகிறவர் அதனைக் குளிர்மாதத்தில் சென்று காண வேண்டும் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

சென்ற டிசம்பர் விடுமுறையில் அதற்கு ஒரு வாய்ப்பு அமைந்தது. என்னுடன் வந்தவர் என் நெடுநாள் நண்பர். செந்தூல் தொடர்வண்டிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தந்தையாரும் பாட்டனாரும் தொடர்வண்டித் துறையில் உழைத்தவர்கள். பத்துமலையில் தொடங்கி ஆற்றோரமாகவே பிரிக்பீல்ட்ஸ் வரை நடப்பது, அங்கிருந்து தொடர்வண்டியில் கிள்ளான் செல்வது என்பது எங்கள் திட்டம். இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கைப்பேசி 22 பாகை செல்சியஸ் என்று காட்டியது. ஊட்டியிலோ இலண்டனிலோ இருக்கும் வாசகர்கள் சிரிக்கக்கூடும்! பெட்டாலிங் ஜெயாவில் வாழும் எங்களுக்கு அது கழுத்துக்குத் துண்டு சுற்றிக்கொள்ளும் குளிர்தான்.

காவடியின் ஆறு

கிள்ளான் ஆற்றைத் தேடிப் போகிறவர் பத்துமலையில் ஏன் தொடங்க வேண்டும் என்று கேட்கலாம். மலையகத் தமிழர் வாழ்வில் இன்றும் உயிரோடு இருக்கும் ஆறு பத்து ஆறுதான். தைப்பூசத்தன்று காவடி எடுப்போர் நீராடிப் புறப்படுவது அந்த ஆற்றங்கரையிலிருந்துதான். 1891இல் கே. தம்புசாமிப் பிள்ளை பத்துமலையில் முருகனுக்குக் கோயில் அமைத்தார். 1892 முதல் அங்கே தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. தைப்பூசமும் தை மாதத்தில், இதே குளிர்ப் பருவத்தில் வருவது என்பதை நினைவில் கொள்க.

காவடிக்காரர் நீராடிய அந்த நீர் எங்கே போகிறது? பத்து ஆறு தெற்கு நோக்கி ஓடி, நகருக்கு வடக்கே கோம்பாக் ஆற்றில் கலக்கிறது. கோம்பாக் ஆறு நகரின் நடுவே கிள்ளான் ஆற்றில் கலக்கிறது. கிள்ளான் ஆறு பிரிக்பீல்ட்சைத் தொட்டு, பெட்டாலிங் ஜெயாவின் தென்விளிம்பை ஒட்டிச் சென்று, ஷா ஆலாம், கிள்ளான் நகரங்களைக் கடந்து மலாக்கா நீரிணையில் சேர்கிறது. ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு அது. நம் மக்கள் குடியேறிய இடங்களை ஒரு தாளில் புள்ளிகளாக வைத்து இணைத்துப் பார்த்தால், அக்கோடு பெரும்பாலும் இந்த ஆறுகளின் வழியாகவே செல்லும். பத்துமலை, செந்தூல், மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், துறைமுகம். இது தற்செயலா?

அன்று ஆறு காப்பி நிறத்தில் இருந்தது. இரு பக்கமும் சிமெண்டுச் சுவர். சில இடங்களில் கரையோரம் நடக்க வழி உண்டு. பல இடங்களில் இல்லை. வழி மறிக்கப்பட்ட இடங்களில் சாலைக்கு ஏறி, அடுத்த பாலத்தில் மீண்டும் ஆற்றைச் சந்தித்தோம். செந்தூல் வட்டாரத்தை நெருங்கியதும் நண்பரின் பேச்சு வேகம் கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எழுந்த தொடர்வண்டிப் பணிமனை, மலாயாவின் மிகப் பெரிய பணிமனைகளுள் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் தொழில்நுட்பரும் அங்கே பணிபுரிந்தனர். செந்தூல் தமிழர் பகுதியாக வளர்ந்தது அதனால்தான்.

சேற்றுக் கூடல்

நண்பகலுக்குச் சற்று முன்பாக ஜாமெக் பள்ளிவாசலை அடைந்தோம். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடம் அது. மலாய் மொழியில் 'கோலா' என்பது ஆறுகள் கூடும் இடத்தையோ கழிமுகத்தையோ குறிக்கும். 'லும்பூர்' என்பது சேறு. நம் மொழியில் சொல்வதானால் 'சேற்றுக் கூடல்'. கூடல் என்ற பெயரை மதுரைக்கு வைத்து மகிழ்ந்த நமக்கு இந்தப் பெயர் அந்நியமானதன்று.

1857ஆம் ஆண்டில் கிள்ளான் பகுதியை ஆண்ட ராஜா அப்துல்லா, லுக்குட்டை ஆண்ட தம் உடன்பிறந்தார் ராஜா ஜுமாட்டுடன் சேர்ந்து, மலாக்கா வணிகரிடம் 30,000 வெள்ளி கடன் பெற்று, 87 சீனத் தொழிலாளரை ஈயம் தேட அனுப்பினார். அவர்கள் படகில் ஆற்றை எதிர்த்து ஏறி வந்து, படகு மேலே செல்ல முடியாத இந்தக் கூடலில் கரையிறங்கினர். பிறகு காட்டுவழியே அம்பாங் நோக்கி நடந்தனர். ஒரு மாதத்துக்குள் காய்ச்சலுக்குப் பலியானவர் போக எஞ்சியவர் 18 பேர் மட்டுமே என்கிறது வரலாறு. அவர்களுக்குப் பின் வேறு தொழிலாளர் அனுப்பப்பட்டனர். ஈயம் கிடைத்தது. கூடலில் கடைகள் முளைத்தன. கோலாலம்பூர் பிறந்தது.

அன்று ஆறே சாலை. அரிசியும் துணியும் ஆற்றின்வழி ஏறின. ஈயம் ஆற்றின்வழி இறங்கியது. ஆகவே ஊரின் முகம் ஆற்றை நோக்கி இருந்தது. இன்று அந்தக் கூடலில் நின்று பார்த்தால் என்ன தெரிகிறது? 1909இல் திறக்கப்பட்ட, ஆர்தர் பெனிசன் ஹப்பேக் வடிவமைத்த ஜாமெக் பள்ளிவாசல் மட்டும் ஆற்றை நோக்கி நிற்கிறது. 1897இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் மாளிகை, ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திடலை நோக்கி நிற்கிறது. பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் எழுந்த இரண்டு கட்டடங்கள். ஆற்றைப் பற்றி இரண்டு எண்ணங்கள்!

நகரம் ஆற்றிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது எப்போது? இக்கேள்விக்கான விடையில் நம் முன்னோரும் இருக்கிறார்கள்.

செங்கல்லும் இருப்புப்பாதையும்

1880இல் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டே, 1881இல், தீ ஊரை எரித்தது. அதே ஆண்டில் வெள்ளமும் புகுந்தது. மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய ஊர் ஒரே ஆண்டில் இருமுறை அழிந்தது. 1882இல் ஆளுநர் பிரதிநிதியாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிச் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என ஆணையிட்டார். கூடலுக்குத் தெற்கே ஆற்றோரம் களிமண் நிறைந்த நிலத்தில் செங்கற்சூளைகள் எழுந்தன. செங்கல் வயல் என்னும் பொருள்பட அவ்விடத்துக்குப் பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் அமைந்தது அவ்வாறே. ஆறு கொண்டுவந்து படியவைத்த மண்தான் ஆற்றின் வெள்ளத்திலிருந்து ஊரைக் காக்கும் சுவராயிற்று.

அடுத்து வந்தது இருப்புப்பாதை. ஆற்றுவழிப் பயணம் வளைவும் நெளிவுமாகப் பல நாட்கள் பிடிக்கும். பிற்காலத்தில் டாமன்சாரா வரை படகில் சென்று அங்கிருந்து மாட்டுவண்டிச் சாலையில் கோலாலம்பூரை அடையும் வழியும் இருந்தது. மழைக்காலத்தில் அந்தச் சாலை சேறாகிவிடும். 1886 செப்டம்பரில் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு எதிர்க்கரையில் உள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே ஏறத்தாழ 31 கிலோமீட்டர் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1890இல் கிள்ளான் ஆற்றின் குறுக்கே பாலம் அமைந்து, வண்டி கிள்ளான் நகருக்குள் நுழைந்தது. நாட்கணக்கில் நீண்ட பயணம் மணிக்கணக்கில் முடிந்தது. அன்றோடு ஆறு சாலையாக இருந்த காலம் முடிந்தது.

மலாயாவின் இருப்புப்பாதைகளை அமைத்ததிலும் பேணியதிலும் தமிழ்த் தொழிலாளருக்குப் பெரும் பங்கு உண்டு. சுடும் கருங்கல் சல்லியைக் கொட்டி, கட்டைகளை அடுக்கி, தண்டவாளத்தைத் தோளில் சுமந்து இட்டவர்கள் அவர்கள். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் இருந்தோர் பலர் இலங்கைத் தமிழர். செங்கற்சூளை இருந்த பிரிக்பீல்ட்ஸ், தொடர்வண்டித் துறையின் குடியிருப்பாக மாறியது. சூளை போய், வண்டிகள் பிரித்துச் சேர்க்கப்படும் முற்றம் வந்தது. தொழிலாளருக்கென இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' என்னும் வரிசை வீடுகளை முதியோர் இன்றும் பேசுவர்; அவை இடிக்கப்பட்டுவிட்டன. 1904இல் தொடங்கப்பட்ட விவேகானந்தா ஆசிரமம் இன்றும் நிற்கிறது. வண்டி முற்றம் இருந்த நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது.

இதிலுள்ள முரணைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆற்றோரம் வாழ வந்த நம் முன்னோர், தம் கையாலேயே ஆற்றை மறக்கச் செய்த பாதையை அமைத்தார்கள். பாதை அவர்களுக்குச் சோறு போட்டது. குடியிருப்பும் கோயிலும் பள்ளியும் தந்தது. ஆறோ வீட்டின் பின்பக்கமாயிற்று. பின்பக்கத்தில் எதைக் கொட்டுவோம் என்று நமக்குத் தெரியும்.

ஆறு திரும்பி வந்த நாட்கள்

மறந்தாலும் ஆறு தன் வழியை மறப்பதில்லை. 1926 டிசம்பரில் தீபகற்பம் முழுவதையும் ஆட்டிய பெருமழையில் கோலாலம்பூர் மூழ்கியது. அதன் பின்னர்க் கூடலுக்குத் தெற்கே ஆற்றின் வளைவுகளை வெட்டி நேராக்கினார்கள், கரைகளை உயர்த்தினார்கள். அப்பணி 1932இல் முடிவுற்றது. இன்று பிரிக்பீல்ட்சை நோக்கி நேர்கோடாக ஓடும் ஆறு, இயற்கை வரைந்த கோடன்று. பொறியாளர் வரைந்த கோடு. நாங்கள் நடந்ததும் அந்தக் கோட்டின் ஓரமாகத்தான்.

1971 ஜனவரியில் ஆறு மீண்டும் வந்தது. நாள்கணக்கில் பெய்த மழையில் தலைநகரின் நடுப்பகுதி நீருக்குள் போயிற்று. பிரதமர் துன் அப்துல் ரசாக் தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தார். 32 பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 1,80,000 பேர் பாதிக்கப்பட்டனர்.

அப்போது நண்பருக்குப் பத்து வயது. பிரிக்பீல்ட்ஸ் பாலமொன்றில் நின்று அவர் சொன்னதை அவ்வாறே எழுதுகிறேன்: "வாத்தியாரே, வண்டி ஓடாத நாளை அன்றுதான் நான் முதன்முதலில் பார்த்தேன். சங்கு ஊதவில்லை. எங்கள் அப்பா வேலைக்குப் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றி, அதற்குமேல் எங்களை ஏற்றினார். தண்ணீர் வடிந்ததும் அப்பா முதலில் தேடியது தாத்தாவின் பெட்டியை. அதில் அவர் கப்பலில் வந்தபோது கொடுத்த காகிதங்கள் இருந்தன. எல்லாம் கூழாகிவிட்டன."

இதைக் கேட்ட பின்னர் சற்று நேரம் இருவரும் பேசவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் பின்னர் வீடமைப்புக்காக விற்கப்பட்டபோதும் வேலையிழந்து நகருக்கு வந்த நம் மக்களில் பலர், ஆற்றோரத்திலும் இருப்புப்பாதை ஓரத்திலும் இருந்த புறம்போக்கு நிலங்களிலேயே பலகை வீடுகள் கட்டி வாழ்ந்தனர். விலையில்லாத நிலம் என்பது பெரும்பாலும் வெள்ளம் வரும் நிலமே. ஆகவே ஒவ்வொரு வெள்ளத்திலும் அவர்களின் அரிசியும் பாயும் மட்டும் போகவில்லை. குடிநுழைவுச் சீட்டு, பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், திருமணப் படம் எல்லாம் போயின. குடியுரிமை ஆவணமின்றி அல்லலுறும் குடும்பங்களைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். அத்தகைய அல்லலுக்குக் காரணங்கள் பல. காகிதத்தைக் காக்க ஓர் உயரமான இடம் இல்லாத வாழ்க்கையும் அவற்றுள் ஒன்று.

கழிமுகம் வரை

பிற்பகலில் கே.எல். சென்ட்ரலில் வண்டி ஏறினோம். பந்தாய் டாலாம், பெட்டாலிங், சுபாங் ஜெயா, ஷா ஆலாம் என்று செல்லும் இந்தப் பாதை, அடிப்படையில் 1886இல் போட்ட அதே வழித்தடமே. இடையில் நம் பெட்டாலிங் ஜெயாவும் வருகிறது. 1950களின் தொடக்கத்தில், தலைநகரின் நெரிசலைக் குறைக்க, எஃபிங்காம் ரப்பர்த் தோட்டத்தின் ஏறத்தாழ 1,200 ஏக்கர் நிலத்தில் எழுந்த நகரம் இது. தோட்டத்தின் பெயர் எஃபிங்காம் தமிழ்ப்பள்ளியின் பெயரில் இன்றும் வாழ்கிறது. இவ்வூரின் பெஞ்சாலா ஆறும் கிள்ளான் ஆற்றிலேயே சேர்கிறது. தொழிற்சாலைக்கும் அடுக்ககத்துக்கும் இடையே சாக்கடைபோல் ஓடுவதால், அதற்கும் ஒரு பெயர் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது.

ஷா ஆலாமில் ஆற்றை ஒட்டிய தாமான் ஸ்ரீ மூடா, 2021 டிசம்பர் 18ஆம் நாள் மூழ்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2007இல் தலைநகரில் 9.7 கிலோமீட்டர் நீள வெள்ளநீர்ச் சுரங்கம் திறக்கப்பட்டது. அது நகரின் நடுப்பகுதியைப் பெரிதும் காக்கிறது. ஆனால் கீழ்நிலத்தில் வாழ்வோரின் நிலை வேறு. மக்கள் கூரைமேல் ஏறி இரவெல்லாம் உதவிக்குக் காத்திருந்ததைத் தொலைக்காட்சியில் கண்டோம். அன்றும் மார்கழி மாதமே.

கிள்ளானில் இறங்கித் தெங்கு கிளானா சாலையில் தேநீர் அருந்திவிட்டு, ஆற்றங்கரைக்குப் போனோம். ஆறு இங்கே அகன்று கடலின் ஏற்றவற்றத்துக்கு ஆட்பட்டுக் கிடக்கிறது. இதற்கும் அப்பால் துறைமுகம். 1901 செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்ற பெயரில் அது திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் தொழிலாளரை வீழ்த்தியது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை இந்தியாவில் ரொனால்டு ராஸ் 1897இல் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த காலம். அவ்வாண்டு கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களின் நீரை வடித்தும் பள்ளங்களை மேடாக்கியும் நோயைப் பெரிதும் குறைத்தார். வெறும் மருந்தால் அன்றி வடிகாலால் மலேரியாவை வெல்லலாம் என உலகுக்குக் காட்டிய இடங்களுள் கிள்ளானும் ஒன்று.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்களில் பல்லாயிரவர் இத்துறைமுகத்தில் இறங்கி, நோய்த்தடுப்பு முகாமில் தங்கி, பிறகு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை ஓடிய 'ரஜூலா' கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் முதியவர் சிலரின் முகம் மாறும். 1972இல் துறைமுகம் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. நண்பரின் பாட்டனார் இறங்கியதும் இங்கேதான். அவர் இறங்கிய ஆண்டும் கப்பலின் பெயரும் அந்தக் கூழாய்ப்போன காகிதத்தில் இருந்தன.

வகுப்பறைக்குச் சில சொற்கள்

வரலாறு என்றால் அரசர், போர், ஒப்பந்தம் என்று எண்ணும் பழக்கம் நம் மாணவரிடம் உண்டு. அவற்றைப் படிக்கட்டும்; தேர்வுக்கும் தேவை. ஆனால் காகிதத்தை வெள்ளம் கொண்டுபோன மக்களின் வரலாற்றை எங்கே படிப்பது? ஆவணக் காப்பகத்தில் துரைமாரின் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. தண்டவாளம் சுமந்தவரின் காகிதங்கள் பெரும்பாலும் இல்லை. இருப்பவை மூன்றே: இடம், பெயர், முதியோரின் நினைவு. இடத்தை நாம் நடந்து காணலாம். பெயரைக் கேட்டு அறியலாம். நினைவுக்கு மட்டும் காலக்கெடு உண்டு. 1971 வெள்ளத்தில் பத்து வயதுச் சிறுவராக இருந்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். அன்று குடும்பத்தைத் தாங்கிய பெற்றோரில் பெரும்பாலோர் இன்று நம்மிடையே இல்லை.

ஆகவே கிள்ளான் பள்ளத்தாக்கில் பணியாற்றும் ஆசிரியர் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த மழைக்காலத்துக்குள் உங்கள் பள்ளிக்கு மிக அருகில் ஓடும் ஆற்றின் பெயரை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அது எந்த ஆற்றில் கலக்கிறது என்று வரைபடத்தில் விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். நம் குடும்பத்தில் முதலில் கப்பலில் வந்தவர் யார்? எந்தத் துறைமுகத்தில் இறங்கினார்? முதலில் எங்கே வேலை செய்தார்? வெள்ளத்தில் நாம் எதை இழந்தோம்?

மாணவர் கொண்டுவரும் விடைகளை ஒரு குறிப்பேட்டில் ஆண்டும் நாளும் இட்டு எழுதி வையுங்கள். ஒரு படி எடுத்து வேறோர் இடத்தில், உயரமான அலமாரியில், பாதுகாப்பாக வையுங்கள்.